‘இதே மாதிரி இன்னொண்ணு சொல்லு’ன்னு கேட்டா, முதல்ல எது மாதிரின்னு கேளுங்க

கோட் கியாஸ்ங்கிற அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், அத முடிச்ச கையோட என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வந்து நின்னான். ராத்திரி பூரா தூங்கல, கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு, “மச்சி இதே மாதிரி ஒண்ணு சொல்லுடா”ன்னான். நான் பெரிய புத்திசாலி மாதிரி பிளானடெஸ் பாருடான்னு சொல்லிட்டேன். என் கணக்கு என்னன்னா, ரெண்டுக்கும் டைரக்டர் ஒரே ஆளு, தனிகுச்சி கோரோ. எழுதினவரும் ஒரே ஆளு, ஒகோச்சி இச்சிரோ. ஸ்டூடியோவும் ஒண்ணு, சன்ரைஸ். பிளானடெஸ் 2003, கோட் கியாஸ் 2006, நடுவுல மூணே வருஷம். இதவிட பக்கத்துல இன்னொரு சொந்தம் எங்க கிடைக்கும்?

மூணு நாள் கழிச்சு வந்தான். “டேய், குப்பை பொறுக்கிட்டு இருக்காங்கடா.”

அவன் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். பிளானடெஸ் 2075ல நடக்குது, பூமிய சுத்திட்டு இருக்கிற உடஞ்ச சேட்டிலைட்டு, கழண்டு போன ஸ்க்ரூ இதயெல்லாம் பொறுக்குற கம்பெனி ஊழியர்களோட கதை. ஒரு சின்ன ஸ்க்ரூ பயணிகள் கப்பல்ல வந்து அடிச்சா என்ன ஆகும்ங்கிறதுல தான் கதையே ஆரம்பிக்குது. என்னய கேட்டா விண்வெளிய ஒரு வேலை செய்யுற இடமா காட்டுனதுல அத மிஞ்ச ஆளே இல்ல. ஆனா கோட் கியாஸ் ஹீரோ லெலூஷ் செஸ் போர்டுல காய் நகத்துற மாதிரி ஒரு படையவே நகத்துறதயும், ஒவ்வொரு எபிசோடும் கடைசி நிமிஷத்துல தலையில இடி இறக்கிட்டு முடியுறதயும் ரசிச்சவனுக்கு ஆபீஸ்ல லீவ் லெட்டர் எழுதுற சீன காட்டினா அவன் என்ன பண்ணுவான் பாவம்.

அன்னிக்கு தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. ‘இதே மாதிரி’ன்னு கேக்குறவங்க அந்த அனிமேல இருக்கிற ஏதோ ஒரே ஒரு சமாச்சாரத்த தான் கேக்குறாங்க, அது எதுன்னு அவங்களுக்கே தெரியாது, நாம அத கண்டுபிடிக்காம டைரக்டர் பேரு, ஜானர் பேருன்னு புடிச்சு தொங்கிட்டு இருக்கோம்.

ஜானர்னு போட்டிருக்கிற லேபிள் எதுக்கும் உதவாது, குறிப்பா ‘ஆக்‌ஷன், சை ஃபை’ங்கிற லேபிள். அது கதையில என்னென்ன பொருள் இருக்குன்னு மட்டும் தான் சொல்லுது. ரோபோ இருக்கு, துப்பாக்கி இருக்கு, ஸ்பேஸ்ஷிப் இருக்கு, அவ்வளவு தான். ஸ்டைன்ஸ் கேட்டும் சை ஃபை தான், குரன் லகானும் சை ஃபை தான். ஒண்ணுல ஒரு ரூமுக்குள்ள நாலஞ்சு பேரு மைக்ரோவேவ் அவன வச்சு பேசிட்டே இருப்பாங்க, இன்னொண்ணுல ரோபோ பெருசாகி பெருசாகி கடைசில கேலக்ஸிய தூக்கி வீசும். ரெண்டயும் ஒரே தட்டுல வச்சு குடுத்தா ஒண்ணு கண்டிப்பா திரும்பி வரும்.

இந்த குழப்பத்துக்கு பின்னாடி ஒரு காசு கணக்கு இருக்கு. டிவி அனிமேல ரோபோ இத்தன வந்ததுக்கு காரணம் டைரக்டருங்க எல்லாம் ரோபோ பைத்தியம்ங்கிறதால இல்ல, பொம்மை கம்பெனிங்க காசு போட்டதால. 1972ல மாசிங்கர் ஸெட் வந்து ஹிட் ஆச்சு, அதோட பொம்மையும் வித்துச்சு, அதுக்கப்புறம் ரோபோ இருந்தா காசு வரும்னு ஆயிடுச்சு. 1979ல தோமினோ யோஷியுகி மொபைல் சூட் கண்டாம் எடுக்குறப்பவும் க்ளோவர்னு ஒரு பொம்மை கம்பெனி தான் ஸ்பான்சர் (நம்மாளுங்க நிறைய பேரு இத குண்டம்னு படிக்கிறாங்க, எனக்கு ஹோம குண்டம் தான் ஞாபகம் வருது, ஜப்பான்காரங்க வாயில அது கண்டாம்). அந்த பொம்மை விக்கிற ரோபோவ வச்சுகிட்டு மனுஷன் என்ன கதை சொன்னாருன்னு பாருங்க, வில்லனும் இல்ல ஹீரோவும் இல்ல, ரெண்டு பக்கமும் செத்துட்டே இருக்காங்க, சண்டைக்கு போக மாட்டேன்னு அழுற ஒரு பையன அடிச்சு அனுப்புறாங்க. ரேட்டிங்கும் வரல பொம்மையும் ஓடல, 52 எபிசோடுன்னு பிளான் பண்ணத 43ல வெட்டிட்டாங்க. அப்புறம் 1980ல பண்டாய் அதுக்கு பிளாஸ்டிக் மாடல் கிட் போட்டதும், 1981, 82ல டிவி எபிசோடயே வெட்டி ஒட்டி மூணு படமா விட்டதும் தான் அத தூக்கி நிறுத்துச்சு.

அதாவது ரோபோங்கிறது பல அனிமேக்கு உள்ள நுழையுற டிக்கெட் மட்டும் தான். டிக்கெட்ட காட்டிட்டு உள்ள போன டைரக்டரு ஒருத்தர் போர் பத்தி பேசுவாரு, ஒருத்தர் தன்னோட மன அழுத்தத்த கொட்டுவாரு, இன்னொருத்தர் அரசியல் பண்ணுவாரு. டிக்கெட்ட வச்சு உள்ள ஓடுறது என்ன படம்னு சொல்ல முடியுமா? அதனால ‘எவாஞ்செலியன் புடிச்சுதா, அப்ப இந்த ரோபோ அனிமே பாரு’ன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. எவாஞ்செலியன்ல 22வது எபிசோட்ல லிஃப்ட்டுக்குள்ள ரெண்டு பொண்ணுங்க பேசாம நிப்பாங்க, கிட்டத்தட்ட ஒரு நிமிஷத்துக்கு படம் அசையவே அசையாது, லிஃப்ட் ஓடுற சத்தம் தான். அந்த ஒரு நிமிஷம் யாருக்கு புடிச்சுதோ அவன் கேக்குறது ரோபோ இல்ல. அவனுக்கு நான் ராசெஃபான் (2002) சொல்லுவேன், ரோபோ இருக்குங்கிறதுக்காக இல்ல, ஒரு கனவுல மாட்டிகிட்ட மாதிரி அது நகரும்ங்கிறதுக்காக. அதுவும் புடிக்கலேன்னா விட்டுடுவேன். எவாஞ்செலியன் மாதிரி இன்னொண்ணு உண்மையில கிடையாது, அத ஒத்துகிட்டு போறது தான் மரியாதை.

இப்ப அட்டாக் ஆன் டைட்டன், மனுஷன திங்கிற ராட்சசங்களுக்கு பயந்து சுவருக்குள்ள வாழுற ஜனங்களோட கதை. அதிகமா கேக்குறதும் இது தான், அதிகமா தப்பா பதில் சொல்றதும் இதுக்கு தான்.

2013ல விட் ஸ்டூடியோல அராகி தெட்சுரோ டைரக்‌ஷன்ல ஆரம்பிச்சு, கடைசி சீசன் மாப்பா ஸ்டூடியோ கைக்கு போயி, 2023 நவம்பர்ல முடிஞ்சுது. இது மாதிரி கேட்டா எல்லாரும் கண்ண மூடிகிட்டு சொல்றது கபனேரி ஆஃப் த அயர்ன் ஃபோர்ட்ரஸ் (2016). ஏன்னா எல்லாமே பொருந்துது. அதே அராகி, அதே விட், அதே சவானோ ஹிரோயுகி மியூசிக். சுவருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஜனங்க, வெளிய மனுஷன திங்கிற கூட்டம், உள்ள பாதி அந்த ஜந்துவாவே மாறிப்போன ஹீரோ. முதல் மூணு நாலு எபிசோட் உண்மையிலயே தூக்கி சாப்பிடும். இரும்பால மூடின இதயம் ஆரஞ்சு கலர்ல துடிக்கிறதும், நீராவி ரயிலு கேட்ட உடச்சுகிட்டு வர்றதும், பின்னாடி சவானோ கோரஸ் வச்சு அடிக்கிறதும், புல்லரிக்கும். அப்புறம் பாதி தாண்டுனதும் ஒரு அழகான வில்லன் வருவான், கதை அவன் பின்னாடி ஓடிப்போயிடும், நாம ரயில்வே ஸ்டேஷன்ல தனியா நிப்போம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, டைட்டனோட இழுவை சண்டையில இல்ல. சண்டை தான் நம்மள உள்ள இழுக்குது, ஒத்துக்குறேன், அந்த கயிற கட்டிகிட்டு பறக்குறப்ப கேமராவும் கூடவே பறக்குற சுகமே தனி. ஆனா நம்மள பத்து வருஷம் உக்கார வச்சது அது இல்ல. அந்த கதைய எழுதின இசயாமா பண்ணின வேலை என்னன்னா, ஒரு கேள்விக்கு பதில் கிடைச்சா அந்த பதிலு முன்னாடி பாத்ததோட அர்த்தத்தயே மாத்திடும். ஹீரோ வீட்டு நிலவறையில என்ன இருக்குன்னு தெரிஞ்சதும் முதல் எபிசோட திரும்ப போயி பாக்க வேண்டியதாயிடுது. கபனேரில ரகசியம்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அதான் வித்தியாசம்.

அந்த ‘உலகம் பொய்’ங்கிற உணர்வு தான் வேணும்னா ஃப்ரம் த நியூ வேர்ல்ட் பாக்க சொல்லுவேன், ஜப்பான் பேரு ஷின்செகாய் யோரி, 2012, 25 எபிசோட், கிஷி யூசுகேங்கிறவரோட நாவல். மந்திரம் மாதிரி மன சக்தி இருக்கிற பசங்க ஒரு அமைதியான கிராமத்துல வளர்றாங்க, அப்பப்ப க்ளாஸ்ல ஒரு பையன் காணாம போறான், யாரும் அவன பத்தி கேக்குறது இல்ல. சண்டை கம்மி, அனிமேஷன் அங்கங்க ரொம்ப சுமார், டைட்டன் பாத்துட்டு வர்றவனுக்கு முதல் நாலு எபிசோட் தூக்கம் வரும். ஆனா கடைசி எபிசோட்ல அதுல வர்ற எலி மாதிரி ஜந்துங்களப் பத்தி ஒரு உண்மை சொல்லுவாங்க, அத கேட்டுட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிட முடியாது.

டைட்டனோட பிற்பகுதி, அதாவது கையில பட்டை கட்டி சேரில அடைச்சு வச்ச ஜனங்க, அவங்க புள்ளைங்களயே முன்னாடி தள்ளி விடுற ராணுவம், அந்த பகுதி தான் மனச பிசைஞ்சுதுன்னு சொல்றவனுக்கு வேற மருந்து. எய்ட்டி சிக்ஸ், 2021, ஏ ஒன் பிக்சர்ஸ், மொத்தம் 23 எபிசோட். ஒரு நாடு, 85 மாவட்டம், எதிரி நாட்டோட ஆளில்லா இயந்திரத்தோட போர் நடக்குது, நம்ம பக்கமும் ஆளில்லா இயந்திரம் தான் சண்டை போடுது, யாரும் சாகலன்னு ரேடியோல தினமும் சொல்றாங்க. உண்மையில அந்த இயந்திரத்துக்குள்ள 86வது மாவட்டத்து பசங்க இருக்காங்க, அவங்கள மனுஷங்க கணக்குலயே சேக்கல. இதுல ஒரு சின்ன விஷயம், ஷின்னுங்கிற பையன் செத்துப்போன ஒவ்வொருத்தரோட வண்டில இருந்தும் ஒரு தகடு துண்ட வெட்டி எடுத்து அதுல பேர செதுக்கி ஒரு பெட்டில வச்சுகிட்டு சுத்துவான். கல்லறை கட்ட அவங்களுக்கு அனுமதி இல்லங்கிறதால. தலைநகர்ல ஏசி ரூம்ல உக்காந்து அவங்க குரல மட்டும் கேட்டு கமாண்ட் பண்ற லேனா நல்ல பொண்ணு தான், ரொம்ப பரிவா பேசுவா, ஒருநாள் அந்த பசங்கள்ல ஒருத்தன் அவகிட்ட கத்துவான், நீ எங்க பேரயாவது கேட்டியான்னு. அவ அதுவரைக்கும் கேக்கல. அந்த சீன பாத்துட்டு நானும் கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன்.

இங்க இன்னொரு சூட்சுமம், எய்ட்டி சிக்ஸுக்கும் மியூசிக் சவானோ தான், யமமோட்டோ கோதாவோட சேந்து போட்டாரு. பல பேரு ‘டைட்டன் ஃபீல்’னு சொல்றது உண்மையில சவானோவோட ஃபீல். கில்டி க்ரவுன், கில் லா கில், அல்ட்நோவா ஸீரோ, கண்டாம் யூனிகார்ன், இப்ப சோலோ லெவலிங் வரைக்கும் அந்த மனுஷன் கை பட்டிருக்கு. கில்டி க்ரவுனுக்கு கதைன்னு ஒண்ணு இருக்கான்னு கேட்டா நான் பேச்ச மாத்திடுவேன், ஆனா பாட்டு தூக்கிட்டு போயிடும். நம்மாளுங்களுக்கு இது புரியாத விஷயம் இல்ல, கதை சுமார், பாட்டுக்காக நாலு தடவ பாத்தேன்னு சொல்ற பரம்பரை தானே நாம.

ஒருத்தர் பேர புடிச்சுகிட்டு போறது தப்புன்னு நான் சொல்லல, எந்த பேருங்கிறது தான் விஷயம். கௌபாய் பீபாப் இதுக்கு நல்ல உதாரணம். 1998, சன்ரைஸ், 26 எபிசோட், வதனபே ஷினிச்சிரோ. இதுவும் பொம்மை காசுல தான் கிளம்புச்சு, ஸ்பேஸ்ஷிப் ஒண்ணு வந்தா போதும் மிச்சத்த எப்படி வேணா எடுத்துக்கோன்னு விட்டாங்க, அவரு எடுத்தது ஜாஸும் சிகரெட் புகையும், பொம்மை எங்க விக்கும். இது புடிச்சவனுக்கு வழக்கமா சொல்றது ட்ரைகன், அவுட்லா ஸ்டார். மூணுமே 1998, மூணுலயும் துப்பாக்கி, பவுண்ட்டி (தலைக்கு விலை), விண்வெளி. மேலுக்கு பாத்தா அண்ணன் தம்பி.

ஆனா 5வது எபிசோட் சர்ச் சீன ஞாபகம் வச்சு பாருங்க. பீபாப் ஹீரோ ஸ்பைக் கலர் கண்ணாடி ஜன்னல உடச்சுகிட்டு கீழ விழுறான், சத்தம் எல்லாம் செத்துப்போயி மியூசிக் போட்ட கன்னோ யோகோவோட கோரஸ் மட்டும் வருது, குழந்தைங்க பாடுற மாதிரி ஒரு மென்மையான பாட்டு, அவன் விழுந்துட்டே இருக்கான், நடு நடுவுல பழைய ஞாபகம் வார்த்தையே இல்லாம துண்டு துண்டா வந்து போகுது. யாரு அந்த பொண்ணு, ஏன் ரத்தம், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. துப்பாக்கி சண்டையோட முடிவுல இப்படி ஒரு தாலாட்ட வைக்கணும்னு யோசிச்ச மூளை தான் பீபாப். அவுட்லா ஸ்டார்ல ஜாலி இருக்கு, ட்ரைகன்ல பாசம் இருக்கு, இந்த தாலாட்டு ரெண்டுலயும் இல்ல.

வதனபேயே 2025ல லாசரஸ்னு ஒண்ணு எடுத்தாரு, மாப்பா ஸ்டூடியோ, சண்டை டிசைனுக்கு ஜான் விக் டைரக்டர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி, மியூசிக்குக்கு கமாசி வாஷிங்டன் மாதிரி பெரிய ஆளுங்க. சண்டை எல்லாம் வெண்ணெய் மாதிரி. ஆனா பீபாப்ல நெஞ்சுல தங்குன எதுவோ அதுல தங்கல. எனக்கு அதோட காரணம் ஒரு பேரு தான், நோபுமோட்டோ கெய்கோ. பீபாப்போட கதை அமைப்பு அந்தம்மாவோடது, 2021 டிசம்பர்ல தவறிட்டாங்க. பீபாப்போட சோகம் வேணும்னா அவங்க எழுதின வுல்ஃப்ஸ் ரெய்ன் (2003) பாக்கணும், போன்ஸ் ஸ்டூடியோ, மியூசிக் அதே கன்னோ யோகோ. ஓநாய்ங்க சொர்க்கத்த தேடி பனியில நடக்குற கதை, பீபாப்புக்கும் இதுக்கும் வெளியில ஒரு சம்பந்தமும் தெரியாது. ரிதம் தான் வேணும்னா சமுராய் சாம்ப்லூ (2004), எடோ காலத்து வாள் சண்டைக்கு ஹிப் ஹாப் போட்டு எடுத்தது, அதுல விஞ்ஞானமே கிடையாது, இருந்தும் பீபாப்போட உண்மையான தம்பி அது தான். ஒரே அனிமே தான், ஆனா ஒருத்தன் சோகத்துக்கு போறான் ஒருத்தன் தாளத்துக்கு போறான்.

சைக்கோ பாஸ் (2012) கேக்குறவங்க கொஞ்சம் சுலபம், ஏன்னா அதோட பரம்பரை நேர் கோடா இருக்கு. அதுல டாமினேட்டர்னு ஒரு துப்பாக்கி, யாரு மேல நீட்டுறோமோ அவங்க மனச அளந்து நம்பர் சொல்லும், குற்றக் குணகம் 300 தாண்டினா தானா வடிவம் மாறி ஆள காலி பண்ணும், 100லேர்ந்து 300க்குள்ள இருந்தா ஆள மரத்து விழ வைக்கும், 100க்கு கீழன்னா ட்ரிக்கரே பூட்டிக்கும். முதல் எபிசோட்லயே கடத்தப்பட்டு வதைக்கப்பட்ட பொண்ணு பயத்துல நடுங்குறா, அந்த பயத்தாலயே அவ நம்பர் ஏறுது, காப்பாத்த வந்த போலீஸ் துப்பாக்கி அவளயே கொல்ல தயாராகுது. அமைப்பு சரியா தான் வேலை செய்யுது, அதான் பயமே. இந்த சில்லிடல் புடிச்சவங்களுக்கு கோஸ்ட் இன் த ஷெல் ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ் (2002), அதுக்கப்புறம் டைரக்டர் ஒஷியோட பாட்லேபர் 2 (1993). நேரா 1995 கோஸ்ட் இன் த ஷெல் படத்துக்கு அனுப்பாதீங்க, அது போலீஸ் கதையோட தோல போத்திகிட்டு நகரத்த வெறிச்சு பாத்துட்டு இருக்கிற தியானம், சீரிஸ் தான் கேஸ் பை கேஸா ஓடும்.

சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ் (2022) பாத்துட்டு வர்ற கூட்டம் பெரிய கூட்டம். அவங்கள அதோட டைரக்டர் இமைஷி ஹிரோயுகியோட மத்த வேலைங்களுக்கு அனுப்புறது வழக்கம், கைனாக்ஸ் ஸ்டூடியோல எடுத்த குரன் லகான் (2007), ட்ரிகர் ஸ்டூடியோல எடுத்த கில் லா கில் (2013), ப்ரோமேர் (2019). கண்ணுக்கு விருந்து உறுதி. ஆனா எட்ஜ்ரன்னர்ஸ் ‘நீ எவ்வளவு கத்தினாலும் இந்த ஊரு உன்ன மென்னு துப்பிடும்’னு சொல்லுது, குரன் லகான் ‘கத்துடா, வானமே கிழியும்’னு சொல்லுது. ஒரே ஆளு, ரெண்டு நேர் எதிர் சேதி. அழுதுட்டு வர்றவனுக்கு குரன் லகான் குடுத்தா ஆறுதலா கூட இருக்கலாம், ஆனா அவன் கேட்டது அது இல்ல. இருட்டு தான் வேணும்னு அடம் புடிச்சா டெக்னோலைஸ் (2003) இருக்கு, முதல் எபிசோட்ல ரொம்ப நேரத்துக்கு யாரும் வாயவே திறக்க மாட்டாங்க, சொல்லலேன்னு சொல்லாதீங்க.

இதெல்லாம் பாத்து பாத்து நான் இப்ப யார் கேட்டாலும் ரெண்டு கேள்வி கேக்குறேன். எந்த சீன திரும்ப ஓட்டி பாத்தீங்க? கடைசியா எத பாதியில விட்டீங்க, ஏன்? ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில் தான் தங்கம். ‘படம் பழசா இருந்துச்சு’ன்னா 1990க்கு முன்னாடி போக வேணாம். ‘பேசிட்டே இருக்காங்க’ன்னா லெஜண்ட் ஆஃப் த கேலக்டிக் ஹீரோஸ் பக்கம் தலை வச்சு படுக்க வேணாம். அது 1988ல இருந்து 97 வரைக்கும் வந்த 110 எபிசோட், பாதி நேரம் தளபதிங்க டீ குடிச்சுகிட்டு ஜனநாயகம் நல்லதா ராஜா நல்லவரா இருந்தா போதுமான்னு பேசுவாங்க, போர் நடக்குறப்ப பின்னாடி சிம்ஃபனி ஓடும். அந்த கோட் கியாஸ் ஃப்ரெண்டுக்கு நான் முதல்லயே சொல்லியிருக்க வேண்டியது இது தான். ரெண்டு மூளை மோதிக்கிறது தானே அவனுக்கு வேணும், இதுல எதிரெதிர் பக்கத்து தளபதிங்க ரைன்ஹார்டும் யாங் வென் லீயும் மோதிக்கிற மாதிரி வேற யாரு மோதிக்கிறாங்க. பழைய படம் ஒத்து வரலேன்னா 2018ல ஆரம்பிச்ச புது வெர்ஷன் இருக்கு.

மூணு எபிசோட் பாரு, புடிக்கலேன்னா விட்டுடுன்னு ஒரு பழக்கம் இருக்கே, அது ஆக்‌ஷனுக்கு சரி, சை ஃபைல பல சமயம் கவுத்து விட்டுடும். ஸ்டைன்ஸ் கேட் (2011) முதல் பாதி பூரா வாழைப்பழத்த மைக்ரோவேவ்ல வச்சு ஜெல்லி ஆக்கிட்டு இருப்பாங்க, ஹீரோ ஒகாபே சும்மா போன காதுல வச்சுகிட்டு யாரோ எதிரி துரத்துறாங்கன்னு சீன் போட்டுட்டு இருப்பான், எரிச்சலா தான் வரும். 12வது எபிசோட் முடியுறப்ப அந்த போன், அந்த வாழைப்பழம், அந்த வெட்டிப் பேச்சு எல்லாமே ஒண்ணா சேந்து திரும்பி வந்து கழுத்த புடிக்கும். அதனால இத மட்டும் யாருக்காவது சொல்றப்ப பேரோட சேத்து அந்த நம்பரயும் சொல்லிடுறேன்: பன்னெண்டு முடிச்சுட்டு வந்து திட்டுங்க.